கூட்டாளி சேர்ந்து ஸ்டார்ட்அப் தொடங்குகிறீர்களா? கணக்கை முதலிலேயே பேசிவிடுங்கள்

எங்கள் முதல் கம்பெனி ஏன் படுத்தது என்று யாராவது கேட்டால் "மார்க்கெட் சரியில்லை" என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். உள்ளபடி அது ஒரு ஓடிபியில் ஆரம்பித்தது.

நாங்கள் மூன்று பேர், கல்லூரி விடுதிக் கூட்டாளிகள். டொமைன் பெயரை, அதாவது எங்கள் இணையதள முகவரியை, ஒரு ராத்திரி அவசர அவசரமாக வாங்கியது எங்களில் ஒருவன். தன் சொந்த ஜிமெயில், தன் சொந்த நம்பர். பதினோராவது மாதம் அவனுக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. சண்டை எதுவும் இல்லை, பிரியாணி வாங்கிக் கொடுத்துத்தான் வழியனுப்பினோம். அடுத்த மாதம் டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிட்டோம். ஓடிபி போனது அவன் கைவிட்டுப்போன பழைய நம்பருக்கு. ஒன்பது நாள் எங்கள் மெயில் வேலை செய்யவில்லை. திருப்பூரில் எங்களுக்கிருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அந்த ஒன்பது நாளில் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

அதையாவது தேற்றிவிட்டிருக்கலாம். அப்புறம் ஒரு முதலீட்டாளர் வந்தார். பங்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்த மூணாவது ஆள் 33 சதவீதம் வெச்சிருக்காரே, அவர் எங்கே?" பதில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு டீ ஆறிவிட்டது. திரும்ப வரவில்லை.

அதற்கப்புறம் இன்னொரு கம்பெனி தொடங்கி அது ஓடிக்கொண்டிருக்கிறது. கோவையில் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். எல்லோரும் ஆப் பற்றியும் முதலீடு பற்றியும் கேட்கிறார்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்பது கூட்டாளிகளைப் பற்றி. அப்படிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதுகிறேன். நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. கையெழுத்துப் போடுமுன் அவர்களிடம் காட்டுங்கள். ஆனால் அவர்களிடம் போகுமுன் உங்களுக்குள் பேசி முடிக்க வேண்டியதை அவர்கள் உங்களுக்காகப் பேசமாட்டார்கள்.

முதல் படி: "ஃபவுண்டர்" என்றால் யார் என்று புரிந்துகொள்ளுங்கள்

நம் குடும்பங்களில் ஒரே ஆள் ஒருவருக்கு மாமா, இன்னொருவருக்குச் சித்தப்பா. கம்பெனியிலும் அப்படித்தான். நிறுவனர் என்று நாம் சொல்லும் ஆள் சட்டத்தின் கண்ணில் மூன்று பேர். பங்கு வைத்திருப்பதால் பங்குதாரர். போர்டில் உட்காருவதால் இயக்குநர். தினமும் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினால் ஊழியர். விசிட்டிங் கார்டில் சிஇஓ, சிடிஓ என்று போட்டுக்கொள்வதெல்லாம் வீட்டுக்கு வைக்கும் பெயர்ப்பலகை மாதிரி.

இது ஏன் முக்கியம் என்றால், ஒருவர் வேலையை விட்டுப் போகலாம், இயக்குநர் பதவியையும் ராஜினாமா செய்யலாம், பங்கு மட்டும் அவர் கையிலேயே இருக்கும். இயக்குநரைப் பங்குதாரர்களின் சாதாரணத் தீர்மானத்தால், அதாவது பாதிக்கு மேல் வாக்கு இருந்தால், நீக்க 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் வழி உண்டு. பங்கை அப்படிப் பிடுங்க முடியாது. எங்கள் நண்பன் விஷயத்தில் நடந்தது இதுதான். அவன் ராஜினாமாக் கடிதம் கொடுத்தான், நாங்கள் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டோம்.

இரண்டாம் படி: எத்தனை பேர், யார் யார்

இரண்டு அல்லது மூன்று பேர் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. இன்ஃபோசிஸ் 1981இல் புனேயில் தொடங்கியபோது ஏழு பேர். அதில் ஒருவர் 1989இல் விலகினார், மற்றவர்கள் நீண்ட காலம் சேர்ந்தே இருந்தார்கள். ஆனால் அந்த ஏழு பேரும் ஏற்கெனவே ஓர் அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒரு ஹேக்கத்தான் என்ற புரோகிராம் போட்டியில் சந்தித்த ஐந்து பேர் அதைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆள் எண்ணிக்கையைவிட முக்கியமானது, ஆளுக்கு ஆள் கை வேறாக இருப்பது. மூன்று பேரும் கோடு, அதாவது புரோகிராம், எழுதுபவர்கள் என்றால் விற்பது யார்? சென்னையில் 2017இல் தொடங்கிய ராக்கெட் கம்பெனி அக்னிகுல் காஸ்மாஸைப் பாருங்கள். ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் விண்வெளிப் பொறியியலும் நிதித்துறை அனுபவமும் கொண்டவர். மொயின் செயல்பாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். கூடவே ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி. ராக்கெட் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டும், பணம் திரட்ட ஆள் வேண்டும், தினப்படி வேலையை ஓட்ட ஆள் வேண்டும். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்து முதல் சோதனை ராக்கெட்டை ஏவினார்கள். தொடங்கி ஏழு ஆண்டு கழித்து! ஏழு ஆண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா என்பதைத்தான் கூட்டாளி தேடும்போது உண்மையில் முடிவு செய்கிறீர்கள்.

மென்பொருள் கம்பெனியான ஃப்ரெஷ்வொர்க்ஸ் இன்னொரு மாதிரி. கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சோஹோவில் வேலை பார்த்தபோதே பழகியவர்கள். 2010இல் சென்னையில் தொடங்கினார்கள், 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானார்கள். பழைய சகஊழியர்தான் ஆகச் சிறந்த கூட்டாளி என்பது என் கருத்து. விடுதி நண்பனின் நல்ல குணம் தெரியும். மாதக் கடைசியில் டெட்லைன் நெருக்கும்போது எப்படிப் பேசுவான் என்பது தெரியாது.

மூன்றாம் படி: ஆறு வாரம் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள்

பெண் பார்க்கப் போகும்போது பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்கிறோமே, அந்த மாதிரி இதில் முடியாது. கம்பெனி பதியுமுன் காசு வாங்கிக்கொண்டு செய்யும் ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து எடுங்கள். பக்கத்து ஊர் பேக்கரிக்கு ஆர்டர் எடுக்கும் ஆப், ஒரு ஸ்கேன் சென்டருக்கு ரிப்போர்ட் அனுப்பும் ஏற்பாடு, எதுவானாலும் சரி. காசு கைமாற வேண்டும் என்பதுதான் முக்கியம். இலவசமாகச் செய்யும்போது எல்லோரும் தங்கமானவர்கள்.

அந்த ஆறு வாரத்தில் நான் பார்க்கச் சொல்வது திறமையை அல்ல. ராத்திரி பத்து மணிக்கு சர்வர் விழுந்தால் போனை யார் எடுக்கிறார்? வாடிக்கையாளர் திட்டினால் "நான் அப்பவே சொன்னேன்" என்று யார் சொல்கிறார்? வந்த பணத்தைப் பிரிக்கும்போது யார் அமைதியாகிவிடுகிறார்? கடைசி ஆளைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுங்கள். மனதில் ஏதோ இருக்கிறது. இப்போது 12,000 ரூபாய்க்கு அமைதியாக இருப்பவர் பின்னால் 12 லட்சத்துக்கும் அமைதியாக இருந்துவிட்டு, ஒரு நாள் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்.

நான்காம் படி: வீடு, வேலை, பணம்

இந்தப் பேச்சை டீக்கடையில் வைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் உட்காருங்கள். திருமணமானவர்கள் என்றால் கணவரோ மனைவியோ கூட இருக்கட்டும். சரவணம்பட்டியில் ஒரு ஃபிளாட்டில் அப்படி ஒரு பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு பையன்களும் "ஒன்றரை வருஷம் சம்பளம் இல்லாமல் ஓட்டிவிடுவோம்" என்று மார் தட்டினார்கள். அதில் ஒருவரின் மனைவி உள்ளேயிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். வீட்டுக் கடன் 31,000, அப்பாவின் மருந்து 6,500, பாப்பா பள்ளிக்கூடம். "அஞ்சு மாசம்ங்க, அதுக்கு மேல முடியாது" என்றார். திட்டம் அந்த இடத்திலேயே மாறியது. ஒருவர் வேலையில் இருந்துகொண்டே சேர்வது, மற்றவர் முதலில் ராஜினாமா செய்வது என்று முடிவானது. அந்த நோட்டு இல்லாவிட்டால் ஆறாவது மாதம் பிரிந்திருப்பார்கள்.

அப்படி ஐடி வேலையில் இருந்துகொண்டே தொடங்குபவர்கள் முதலில் தங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்குத் தடை, வேலைக் காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் கம்பெனிக்கே சொந்தம் என்ற வரி, இரண்டும் பெரும்பாலும் இருக்கும். ஆஃபீஸ் லேப்டாப்பில் உங்கள் ஸ்டார்ட்அப்புக்கு ஒரு வரி கோடுகூட எழுதாதீர்கள். ஆஃபீஸ் வைஃபையும் வேண்டாம்.

நம் ஊரில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ பங்கு போட்டுவிடுவது. தயவுசெய்து வேண்டாம். பெயருக்கு ஒருவர், பயனுக்கு ஒருவர் என்றால் அதைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் 89ஆம் பிரிவே சொல்கிறது. தவிர, நாளைக்கு ஒவ்வொரு காகிதத்துக்கும் அம்மாவைத் தேடிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியிருக்கும்.

பணம் போடுபவர் பற்றியும் இப்போதே தெளிவாகிவிடுங்கள். ஒருவர் ஐந்து லட்சம் போடுகிறார், இன்னொருவர் உழைப்பைப் போடுகிறார் என்றால் இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்காதீர்கள். பணத்தை இயக்குநர் கொடுத்த கடனாகக் கணக்கில் வைப்பது சுலபம். கடன் வாங்கிக் கொடுத்த பணம் இல்லை என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் கம்பெனி சம்பாதித்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். உழைப்புக்குத்தான் பங்கு.

ஐந்தாம் படி: பங்கு பிரிப்பது

இங்கேதான் எல்லோருக்கும் வெட்கம் வரும். "நமக்குள்ள என்னடா, சரிசமமா போட்டுக்கலாம்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

சரிசமம் தப்பில்லை. ஒரே நாளில் வேலையை விட்டு, ஒரே அளவு நேரம் கொடுக்கும் இரண்டு பேருக்கு அது நியாயம். பேச்சைத் தவிர்ப்பதற்காகச் சரிசமம் போடுவதுதான் தப்பு. ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் இன்னொரு தலைவலியும் உண்டு: ஒருவர் வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. அதனால் எதில் யார் சொல்வது கடைசி என்று எழுதிக்கொள்ளுங்கள். தொழில்நுட்பத்தில் ஒருவர், விலையிலும் வாடிக்கையாளரிலும் மற்றவர் என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

ஆப்பிள் தொடங்கியபோதும் இந்தச் சிக்கலை யோசித்திருக்கிறார்கள். 1976 ஏப்ரல் 1 அன்று எழுதிய ஒப்பந்தத்தில் ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் வோஸ்னியாக்குக்கும் ஆளுக்கு 45 சதவீதம். இருவரும் முட்டிக்கொண்டால் தீர்த்துவைக்க ரொனால்ட் வேன் என்ற மூத்தவருக்கு 10 சதவீதம். ஒப்பந்தத்தை எழுதியவரே அவர்தான். பன்னிரண்டே நாளில் அவர் விலகி, தன் பங்கை 800 டாலருக்குக் கொடுத்துவிட்டார். எல்லோரும் அவர் இழந்த கோடிகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அது கூட்டு நிறுவனம், அதாவது பார்ட்னர்ஷிப்; அதில் கடனுக்குக் கூட்டாளிகளின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. ஜாப்ஸ் கடனில் சரக்கு எடுத்திருந்தார். கடன் திரும்பவில்லை என்றால் மூவரில் சொத்து வைத்திருந்த வேனின் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். வெறும் பார்ட்னர்ஷிப்பாகத் தொடங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதே.

"ஐடியா என்னுடையது, அதனால் எனக்குப் பாதி" என்று ஒருவர் வருவார். வெறும் ஐடியாவுக்குப் பெரிய பங்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் அவரை வாயால் சமாதானம் செய்து காகிதத்தில் விட்டுவிடவும் கூடாது. ஸ்னாப்சாட்டில் அழிந்துபோகும் படம் என்ற யோசனையைச் சொன்னவர் ரெஜி பிரவுன். கம்பெனியிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார், 2013இல் வழக்குப் போட்டார், 2014இல் சமரசமானது. தொகை 15 கோடியே 75 லட்சம் டாலர் என்பது கம்பெனி பங்குச்சந்தைக்குப் போன 2017இல்தான் வெளியே தெரிந்தது. ஆக, யோசனை சொன்னவருக்குச் சின்னப் பங்கு உண்டு என்றால் எழுதிக் கொடுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு வரும் பெரியவர்கள் தனி ரகம். இரண்டு பேரை அறிமுகம் செய்துவிட்டுப் பத்து சதவீதம் கேட்பார்கள். அரை சதவீதம், மிஞ்சினால் ஒன்று. அதுவும் இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

ஆறாம் படி: வெஸ்டிங், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

வெஸ்டிங் என்றால் பங்கு முழுசும் முதல் நாளே உங்களுடையது ஆகிவிடாது, இருந்து உழைக்க உழைக்கச் சேரும் என்ற ஏற்பாடு. ஸ்டார்ட்அப் உலகத்தில் வழக்கமாக நாலு வருஷம். முதல் வருஷம் முடியுமுன் போனால் ஒன்றும் கிடையாது, இதற்குக் கிளிஃப் என்று பெயர். வருஷம் முடிந்ததும் கால் பங்கு சேரும், அப்புறம் மாதாமாதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பேர், மொத்தம் 10,000 பங்கு, ஒன்று பத்து ரூபாய். முதல் ஆளுக்கு 4,000, இரண்டாமவருக்கு 3,600, மூன்றாமவருக்கு 2,400. இரண்டாமவர் பத்தாவது மாதம் போகிறார்: வெஸ்டிங் இருந்தால் பூஜ்யம். பதினெட்டாவது மாதம் போகிறார்: 48 மாதத்தில் 18 மாதம், ஆக 1,350 பங்கு அவருக்கு. மீதி 2,250ஐ மற்ற இருவரும் முகமதிப்புக்கே, அதாவது அந்தப் பத்து ரூபாய்க்கே, வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ஒன்றரை வருஷம் உழைத்ததற்குப் பங்கு உண்டு, இனி உழைக்கப் போகாததற்குக் கிடையாது. இதில் யாருக்கு வருத்தம்?

வெஸ்டிங் இல்லை என்று வையுங்கள். அவர் 36 சதவீதத்தோடு டொராண்டோவில் உட்கார்ந்திருப்பார். நல்லவராகவே இருக்கட்டும். புதிய முதலீட்டாளருக்குப் பங்கு ஒதுக்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். சிறப்புத் தீர்மானத்துக்குப் பதிவான வாக்குகளில் நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். 25 சதவீதத்துக்கு மேல் கையில் வைத்திருப்பவர் வேண்டாம் என்று வாக்களித்தால் முடிந்தது கதை. எங்கள் முதலீட்டாளர் ஏன் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போனார் என்று எனக்கு இது புரியவே இரண்டு வருஷம் ஆயிற்று.

இரண்டு நுணுக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வேலையில் இருந்துகொண்டே சேர்பவருக்கு வெஸ்டிங் கடிகாரத்தை அவர் ராஜினாமா செய்யும் நாளிலிருந்து ஓட விடுங்கள். சரவணம்பட்டி ஜோடிக்கு அப்படித்தான் எழுதினார்கள். இரண்டாவது, பங்கு மாற்றுவதற்கான கட்டுப்பாடுகளைத் தனி ஒப்பந்தத்தில் மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். கம்பெனியின் சங்க விதிகளிலும், அதாவது ஆர்ட்டிகிள்ஸிலும், ஏற்றச் சொல்லுங்கள். விதிகளில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு குடும்பக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. பல பேர் இணையத்தில் கிடைக்கும் மாதிரி விதிகளை அப்படியே ஏற்றிவிட்டு, ஒப்பந்தத்தை மட்டும் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

வேலைக்கு வரப்போகும் முதல் ஆட்களுக்கு ஈசாப், அதாவது ஊழியர்களுக்கான பங்குத் திட்டம், கொடுக்கவும் ஒரு பகுதியை மனதில் வையுங்கள். பத்து சதவீதம் வழக்கம். நிறுவனர்களுக்கே ஈசாப் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். பொதுவாக முடியாது. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பெற்ற கம்பெனிக்கு மட்டும், பதிவான நாளிலிருந்து பத்து ஆண்டுவரை விலக்கு உண்டு.

ஏழாம் படி: கோடு யாருடையது

பதிவுக்கு முன் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய கோடு யாருடையது? கம்பெனியுடையது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்போது கம்பெனியே இல்லை. எழுதியவருடையது.

பதிப்புரிமைச் சட்டத்தின்படி மென்பொருள் ஒரு இலக்கியப் படைப்பு. நம் பைத்தான் கோடும் புதுக்கவிதையும் சட்டத்துக்கு ஒரே இனம்! ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அது முதலாளிக்குச் சொந்தம். சம்பளமே வாங்காத நிறுவனருக்கும், காசு கொடுத்து வெளியில் எழுதி வாங்கிய ஃப்ரீலான்சருக்கும் அது பொருந்தாது. அதனால் கம்பெனி பதிவானதும் ஒவ்வொருவரும் தான் எழுதியதை எல்லாம் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்து எழுத்தில் கையெழுத்திட வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

அந்தக் காகிதத்தில் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்று ஒரு விதியும் உண்டு, அது பொருந்தாது என்றும் எழுதிக்கொள்ளலாம். இணையத்தில் இறக்கிய வெளிநாட்டு மாதிரி ஒப்பந்தங்களில் இந்த மூன்றும் நம் சட்டத்துக்கு ஏற்றபடி இருக்காது.

இன்னொன்று. "விலகியபின் இரண்டு வருஷம் இதே தொழில் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. விலகிப் போனவரை அந்த வரியை வைத்துக் கட்டிப்போட முடியாது. ரகசியம் காப்பது, எழுதிய கோடு முழுவதையும் கொடுத்துவிட்டுப் போவது, வெஸ்டிங் இவைதான் உங்கள் வேலி.

எட்டாம் படி: பதிவு

இது எல்லோரும் பயப்படும் படி, உண்மையில் சுலபமான படி. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர், இரண்டு பங்குதாரர் வேண்டும், இருவரே இரண்டுமாக இருக்கலாம். இயக்குநரில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். கூட்டாளி துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அந்நியச் செலாவணி விதிகளும் சேர்ந்துகொள்ளும், அதற்கு அனுபவமுள்ள ஆடிட்டரைப் பிடியுங்கள். எல்எல்பி, அதாவது பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம், மலிவு, ஆனால் அதில் பங்கு என்பதே கிடையாது, ஈசாப் கொடுக்கவும் முதலீடு வாங்கவும் இடைஞ்சல்.

டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, ஸ்பைஸ் பிளஸ் என்ற இணையப் படிவத்தில் விண்ணப்பித்தால் பெயர், பதிவு, இயக்குநர் எண், பான், டான் (வரிப் பிடித்தத்துக்கான எண்) எல்லாம் ஒரே இடத்தில் முடியும். அனுமதிக்கப்பட்ட மூலதனம் (கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்பு) 15 லட்சம் வரை பதிவுக் கட்டணம் இல்லை, முத்திரைத் தீர்வை தனி. முகவரிக்கு ஈபி பில்லும் வீட்டு ஓனரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். இந்த ஓனர் கடிதத்தால் தாமதமானவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். "கம்பெனின்னா ஈபியைக் கமர்ஷியல் ஆக்கிடுவாங்களே" என்று பயப்படுவார். முதலிலேயே பேசிவிடுங்கள்.

பதிவுச் சான்றிதழ் வந்ததும் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். 30 நாளில் முதல் போர்டு கூட்டம், அதற்குள் ஆடிட்டர் நியமனம். இரண்டு மாதத்தில் பங்குச் சான்றிதழ். 180 நாளுக்குள் ஒவ்வொருவரும் தன் பங்குத் தொகையைக் கம்பெனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, தொழில் தொடங்கியதாக ஐஎன்சி 20ஏ படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். அவரவர் பங்குக்கான பணம் அவரவர் சொந்தக் கணக்கிலிருந்து போகட்டும். "நீ போட்டுடு, நான் ஜிபே பண்ணிடறேன்" வேண்டாம்.

ஒன்பதாம் படி: சாவிகள்

அரை நாள் வேலை, ஆனால் எங்களைக் கவிழ்த்தது இதுதான். டொமைன், கிளவுட் கணக்கு (வாடகை சர்வர்), கிட்ஹப் (கோடு வைக்கும் இடம்), ப்ளே ஸ்டோர் கணக்கு, பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கும் ஏற்பாடு), இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் கம்பெனி பெயருக்கும், கம்பெனிக்கென்று வாங்கிய ஒரு சிம் நம்பருக்கும் மாற்றுங்கள். அந்த சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு அலுவலக மேஜை டிராயரில் வையுங்கள், மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய மறக்காதீர்கள். கிளவுட் பில் யார் அப்பாவின் கிரெடிட் கார்டில் போகிறது என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், மூன்று கம்பெனியில் பார்த்துவிட்டேன்.

யாராவது போகும்போது

போவார்கள். கல்யாணம், விசா, அப்பாவின் உடம்பு, சலிப்பு, ஏதாவது ஒன்று. அந்த நாளுக்கான வேலைப் பட்டியலை எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழுதி வையுங்கள். ராஜினாமாக் கடிதம் வாங்கி, போர்டில் பதிந்து, 30 நாளுக்குள் இயக்குநர் மாற்றத்தைத் தெரிவிக்கும் டிஐஆர் 12 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வெஸ்ட் ஆகாத பங்குக்கு எஸ்எச் 4 மாற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் விமானம் ஏறுமுன் வாங்குங்கள், ஏறியபின் தூதரகம், நோட்டரி என்று அலைய வேண்டிவரும். கம்பெனியின் மதிப்பு ஏறியிருந்தால் முகமதிப்புக்கு வாங்குவதில் வருமான வரிச் சிக்கல் உண்டு, ஆடிட்டரைக் கேட்காமல் தொகை எழுதாதீர்கள். அவர் கொடுத்த கடன் பாக்கி இருந்தால் எப்போது திரும்பும் என்று ஒரு தேதி போடுங்கள்.

அப்புறம் வங்கி. கணக்கில் கையெழுத்து உரிமை மாற்றுவதற்குத் தீர்மானத்தின் நகல், புது ஆளின் கேஒய்சி, மேனேஜரின் மதியச் சாப்பாட்டு நேரம் எல்லாம் ஒத்துவர வேண்டும். எனக்குத் தெரிந்து குறைந்தது மூன்று நடை. அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வங்கிக்குப் போய்விடுங்கள், போகிறவரையும் கூடவே கூட்டிக்கொண்டு.